கடைசி வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம், மச்சான்

பாசமுள்ள மச்சான் எல்லப்பனுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று இந்தத் தங்கச் சுரங்கத்துக் கூலி லைனில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான். குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் இங்கிருந்து போகிற கடிதங்களில் பாதி என் கையெழுத்துதான். ஆனால் செத்து இரண்டு வருஷமான ஆளிடம் சுகமா என்று எப்படிக் கேட்பது? நீ சுகமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் சுகமில்லை. பயமாக இருக்கிறது மச்சான். லைனில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் சொல்கிறேன். யாராவது எடுத்துப் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை அஞ்சலைக்கும் எனக்கும் போன ஆடியில் பெண் பிறந்திருக்கிறது. இத்தனை வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கியது உனக்குத் தெரியும். பிள்ளைக்கு அப்படியே உன் மூக்கு. பாவம், வேறு யார் மூக்காவது கிடைத்திருக்கலாம். ஆனால் சிரித்தால் லைனே வந்து பார்க்கிறது.

இன்னொரு சேதியும் இருக்கிறது. எங்கேயோ தூரத்து அருவியிலிருந்து கம்பி இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கம்பியில் மின்சாரம் வருமாம், அது வந்தால் பாய்லருக்கு விறகே வேண்டாமாம். பேத்தமங்கலா ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் என்றும் பேச்சு இருக்கிறது. விறகு டிப்போவில் அடுக்குகிற என்னைப் போன்றவனுக்கு அப்புறம் என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. அதையெல்லாம் நினைக்க இப்போது எனக்கு நேரமும் இல்லை.

கம்பி வருகிறது என்று கேட்டதுமே விறகு காண்ட்ராக்டர்களுக்குப் பேய் பிடித்துவிட்டது. விறகு விலைபோகிற வரைக்கும்தான் லாபம் என்று நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய சரிவை மொட்டை அடித்தார்கள். நடுமரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சிம்பையும் தழையையும் நுனிக் கிளையையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நீ இருந்தபோது அதை இழுத்துக் குவித்து, பனியில் கொளுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். இப்போது அது சரிவு முழுக்கக் கிடந்து காய்கிறது. நடுவே மஞ்சம்புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. அதன் காலடியில் நம்ம லைன். மூங்கில் தட்டிச் சுவர், புல் கூரை. பகலில் உள்ளே யார் இருப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? ராத்திரி ஷிப்ட் முடித்துச் செத்த பிணமாகத் தூங்குகிற ஆண்கள், தூளியில் பிள்ளைகள்.

நீ போனதிலிருந்து அந்தச் சரிவில் யாரும் தீ வைக்கவில்லை. இப்போது மாசி முடியப் போகிறது. பங்குனிக் காற்று வந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

ஏன் வைக்கவில்லை என்று நீ கேட்க மாட்டாய். படிக்கிறவன் கேட்பான், அவனுக்காக எழுதுகிறேன். தை பிறந்து பொங்கல் கழிந்ததும், புல்லில் பனி ஈரம் இருக்கும்போதே, சரிவை நாமே எரித்துவிடுவது நம் லைன் வழக்கம். மேலே ஒரு பட்டை கருக்கி, அது ஆறின பிறகு அதற்குக் கீழே ஒரு பட்டை என்று இறங்கி வருவோம். எல்லாரும் நனைத்த சாக்கும் பச்சைத் தழையுமாக வரிசையில் நிற்போம். ஆனால் முதல் தீயை வைக்க வேண்டியவன் கடைசி வீட்டுக்காரன், சரிவை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறவன். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் அந்த நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். தீ கைமீறினால் முதலில் போவது அவன் குடும்பம், அதனால் அவன் விளையாட மாட்டான் என்று லைன் போட்ட காலத்தில் பெரியவர்கள் வைத்த சட்டம். அந்த நம்பிக்கையில்தான் மற்றவர்கள் அவன் பின்னால் நிற்பார்கள்.

கடைசி வீடு உன்னுடையது. தீ வைக்கிற கை உன் கை. நீ போன அன்றைக்கு, ஷிப்ட் ஆட்களை விட மாட்டேன் என்று அப்போதிருந்த சுரங்கத்துத் துரை பிடிவாதம் பிடித்ததால் வெயில் ஏறின பிறகுதான் ஆரம்பித்தோம். பனி போய்விட்டிருந்தது. பாதிச் சரிவு எரிந்துகொண்டிருக்கும்போது காற்று திரும்பியது. மிச்சப் புல்லில் தீ கீழே இறங்கி வீடுகளைப் பார்த்து ஓடி வந்தது. நாங்கள் எல்லாம் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினோம். நீ மட்டும் உன் வீட்டுப் பக்கம் ஓடி, வாசலை ஒட்டிய புல்லுக்குள் இறங்கி எதிர்த்தீ வைத்தாய். அந்தத் தீ மேலே போய் இந்தத் தீயைச் சந்தித்தது. லைன் பிழைத்தது. உள்ளே இருந்த என் தங்கையும் உன் பிள்ளைகளும் பிழைத்தார்கள். நீ இரண்டு தீக்கும் நடுவே இருந்தாய்.

உன் பெண்டாட்டி, என் தங்கை, பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டாள். நான்தான் ரயிலேற்றிவிட்டேன். பொட்டில்லாத நெற்றியோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேள். ஒவ்வொரு ரயிலுக்கும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஜனம் வந்து இறங்குகிறது. ஒரு தட்டி வீட்டுக்குள் இரண்டு குடும்பம் கால் நீட்ட இடமில்லாமல் படுக்கிறது. ஆனால் உன் வீட்டுக்குக் குடிபோக ஒருத்தன் வரவில்லை. போனால் தீ வைக்க வேண்டுமே! அது போகட்டும். உன் வீடு காலியாக இருந்தால் அதற்கு அடுத்தவன்தானே கடைசி வீட்டுக்காரன்? அவனுக்கு அது உறைத்ததும் தட்டியைப் பிடுங்கிக்கொண்டு லைனின் முன்பக்கம் போய்க் கட்டிக்கொண்டான். பிறகு அவனுக்கு அடுத்தவன். பிறகு அவனுக்கு அடுத்தவன். பின்னாலிருந்து ஒவ்வொருத்தனாகக் கழன்று முன்னால் போய் ஒட்டிக்கொண்டு, இப்போது முன்பக்கம் கூரையோடு கூரை இடிக்கிறது. ஒன்று பற்றினால் ஒன்றுகூட மிஞ்சாது. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். இங்கே அந்த வார்த்தையைச் சொன்னாலே ஆள் எழுந்து போய்விடுகிறான்.

போன வாரம் யாரோ அடுப்புச் சாம்பலை ஆறாமல் கொட்டிவிட்டார்கள். சரிவோரம் புல் பற்றிக்கொண்டது. பெண்கள்தான் ஓடினார்கள். அஞ்சலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஈரச் சாக்கால் அடித்தாளாம். காற்று அடங்கியிருந்ததால் அணைந்தது. நான் டிப்போவில் இருந்தேன். புகையைப் பார்த்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூரைகள் எல்லாம் அப்படியே இருப்பதைப் பார்த்ததும் மண்ணிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

மறுநாள் மேஸ்திரி புதுத் துரையிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இந்த ஆள் பரவாயில்லை. "ஆட்கள் காலை ஷிப்ட்டுக்குத் தாமதமாக வரட்டும், முதலில் புல்லை எரித்துவிடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம். இந்த ஒரு வார்த்தையை அந்தப் பழைய துரை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

மேஸ்திரி எல்லாரையும் கூட்டினார்.

"துரை சரின்னு சொல்லிட்டாரு. இப்ப சொல்லுங்க, யாரு வெக்கிறது?"

"நீயே வெச்சிட்டுப் போயேன் மேஸ்திரி," என்றான் ஒருவன்.

"என் வூடு இன்னா அங்கயா கீது? நான் வெச்சா நீங்க பின்னால நிப்பீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கடா."

நிற்க மாட்டார்கள். நானும் நிற்க மாட்டேன் மச்சான். வீடு தூரத்தில் இருக்கிறவன் வைக்கிற தீயை எவன் நம்புவான்? அந்தச் சட்டம் நம் எலும்பில் ஊறியிருக்கிறது. அன்று சாயங்காலமே எனக்குப் பின்னால் இருந்தவனும் தட்டியைப் பிடுங்க ஆரம்பித்தான். அவன் போய்விட்டால் கடைசி வீட்டுக்காரன் நான்.

வீட்டுக்குப் போனதும் அஞ்சலையிடம், நாமும் முன்பக்கம் போய்விடலாம் என்றேன். எல்லாரும் செய்வதைத்தானே செய்கிறோம் என்றும் சொன்னேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"போயி?" என்றாள்.

"இன்னா போயி? உசுரோட இருப்போம்."

"எல்லாரும் முன்னால பூட்டா புல்லு வாணாம்னு வுட்டுடுமா மாமா?"

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? உங்கண்ணன் மாதிரி என்னையும் வாரிக் குடுக்கணுமா நீ?"

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு வேலை முடிந்து வந்து பார்த்தால் என் வீட்டில் சட்டி பானை இல்லை, பாய் இல்லை, ஆளும் இல்லை. முன்பக்கம் போய்விட்டாள் போலிருக்கிறது, ஒருவழியாகப் புத்தி வந்தது என்று நினைத்து அங்கே தேடினேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரு பெண் கையை மட்டும் காட்டினாள், பின்பக்கம்.

உன் வீட்டில் இருந்தாள் மச்சான். தரையை மெழுகி, அடுப்பு மூட்டி, உன் வீட்டு விட்டத்தில் தூளி கட்டியிருந்தாள். தூளிக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அடித்திருப்பேன்.

"இன்னாடி இது? பைத்தியமா உனக்கு?"

"நம்ம வூடு தானா கடைசி வூடாப் பூட்ச்சுன்னா, மாட்டிக்கினோமேன்னு வெப்ப. கை நடுங்கும். நாமளா வந்து குந்திக்கினா நடுங்காது."

"என் கை எங்க இருந்தாலும் நடுங்குது அஞ்சல. பாரு."

கையை நீட்டிக் காட்டினேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் இரண்டு பேரும் உன்னை நினைத்து அழுதோம். உன் சாவுக்குக்கூட நாங்கள் சேர்ந்து அழுததில்லை.

கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார். வாசலிலேயே நின்று தூளியைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விடிகாலைல பனியோட வந்துடறோம் கோவிந்தா. நம்ம ஆளுங்க எல்லாரும் வருவாங்க. நீ வெய்யி," என்றார்.

பூனைக்கு மணி கட்ட ஆள் கிடைத்துவிட்டது. லைனில் இப்போது நிம்மதியாகச் சோறு தின்கிறார்கள். நான் விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாளை மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாய்லர் பக்கம் போய் உட்கார் என்று அவளைக் கெஞ்சிப் பார்த்தேன். காலைக்கூடப் பிடிக்கிறேன் என்றேன். "அண்ணி குந்தியிருந்தாங்கல்ல? நான் போயிட்டேன்னு தெரிஞ்சா ஒருத்தன் சாக்கை எடுக்க மாட்டான்," என்கிறாள். உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மச்சான்? பனி போதுமான அளவு இறங்குமா? மாசிக் கடைசியில் பனிக்கு என்ன உத்தரவாதம்? கீழ்ப் பட்டைக்கு வருகிறபோது உனக்கு எப்படி இருந்தது? காற்று திரும்பப் போகிறது என்று உன் உடம்புக்கு முன்னாலேயே தெரிந்ததா, அல்லது முகத்தில் சூடு அடித்த பிறகுதானா? உள்ளேயிருந்து என் தங்கை உன்னைக் கூப்பிட்டாளா? எத்தனையோ நாள் அவளிடம் கேட்க நினைத்து, கேட்காமலே ரயிலேற்றிவிட்டேன்.

நீ செய்தது பெரிய காரியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உன் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறேன், உன்மேல் எனக்குக் கோபம். எங்களை நம்பாமல் தனியாக ஓடினாய். நாங்கள் ஓடிப்போனவர்கள்தான், நம்பத் தகுந்தவர்கள் இல்லைதான். ஆனாலும் ஒரு தரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். நான் திரும்பி வந்திருப்பேனா? தெரியவில்லை. வந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்ள ஒரு வழியாவது விட்டிருக்கலாம்.

நாளைக்கு நான் கூப்பிடுவேன். வெட்கமில்லாமல், தொண்டை கிழிய, ஒவ்வொருத்தன் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவேன். வருகிறவன் வரட்டும். வராதவன் பெயரையும் விடாமல் கூப்பிடுவேன்.

நீ என் தங்கையை விதவையாக்கி என் கையில் கொடுத்தாய், நான் ஊருக்கு அனுப்பினேன். உன் தங்கையை அப்படி அனுப்ப உன் பக்கத்தில் ஆளில்லை மச்சான், நீ போய்விட்டாய். அதனால் அவளை அப்படி விட்டுவிட்டு உன்னிடம் வர எனக்கு உரிமை இல்லை. தீ வைப்பேன், சரிவு முழுக்கக் கருக்குவேன், அதற்கப்புறம் இந்த வீட்டு வாசலுக்கு என் காலாலேயே நடந்து வருவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உனக்குத் தங்கையைக் கொடுத்து, உன் தங்கையைக் கட்டிய,
உன் வீட்டில் இருந்து எழுதும் மச்சான்,
கோவிந்தன்