புருல் எண்ண மறுத்த ஆடுகள்

புரூன்சே நகரம்,
14 செப்டம்பர் 1971

அன்புள்ள உல்கான் அண்ணிக்கு,

ஓரோஸ் அண்ணனின் முதுகுவலி தேவலையா? நீங்கள் கொடுத்தனுப்பிய உலர்தயிர் உருண்டைகளை எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இரண்டுதான்.

சேதி நல்லதாக இல்லை, அண்ணி. பள்ளியில் சேரும் பிள்ளைகளின் அறிவைச் சோதிக்க எங்கள் குழு உங்கள் மலைக்கு வந்தபோது, உங்கள் புருலை நான்தான் சோதித்தேன். கட்டைகளை நன்றாகவே அடுக்கினாள். ஆட்டுமந்தைப் படத்தைக் காட்டி எத்தனை என்று மூன்று முறை கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அந்தப் பகுதி முழுக்கப் பூஜ்யம். மொத்த மதிப்பெண் எல்லைக்குக் கீழே போய்விட்டதால், மந்தபுத்திப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கு அனுப்ப முடிவாகியிருக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷம்தான். பிறகு மறுபடி சோதிப்பார்கள். கோபிக்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
ஜிபார்


மேய்ச்சல் மலை,
2 அக்டோபர் 1971

ஜிபாருக்கு,

கோபிக்காதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா? நன்றாயிருக்கிறது உன் படிப்பு.

நம் வீட்டில் யாரம்மா ஆட்டை எண்ணியிருக்கிறார்கள்? எண்ணினால் குறைந்துபோகும் என்று சொல்லி வளர்த்தது உன் அம்மாதானே. பண்ணை அதிகாரி வந்து எண்ணிக்கொள்ளட்டும், அது அவர் பாடு. நான் புது மருமகளாக வந்த வருஷம் அவர் என்னிடம் எத்தனை ஆடு என்று கேட்டார். ஒன்பது வயதுப் பெண் நீ, ஓடிவந்து என் பாவாடையை இழுத்தாய். "சொல்லிடாதீங்க அண்ணி, செத்துப்போயிடும்!" என்று அழுதாய். அதெல்லாம் நகரத்தில் மறந்துபோகுமா?

புருலைக் கேட்டேன். "எண்ணினா அத்தையோட ஆடெல்லாம் செத்துப்போயிடாதாம்மா? அதான் எண்ணல. ஆனா நான் பேசினேனே! கறுப்பாட்டுக்கு மடி கனத்திருக்கு, குட்டிய மட்டும் காணோமேன்னு கேட்டேன். அத்தை எழுதிக்கவே இல்ல" என்றாள்.

வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

மந்தையில் ஒவ்வொரு முகமும் அவளுக்குத் தெரியும். போன வாரம் அயலார் ஆடு ஒன்று கலந்திருந்ததை உன் அண்ணன் பார்க்கவில்லை, இவள் பார்த்தாள். இவளா மந்தபுத்தி? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடு. பிள்ளையை எடுத்துக்கொண்டு போக வண்டி வருவதற்குள் கிழித்துவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உல்கான்


புரூன்சே,
20 அக்டோபர் 1971

அன்புள்ள அண்ணிக்கு,

தாளில் என் கையெழுத்தோடு இன்னும் இரண்டு கையெழுத்து இருக்கிறது. இப்போது மாற்றினால், சொந்த அண்ணன் மகள் என்று மாற்றிவிட்டாள் என்பார்கள். ஒரே ஒரு வருஷம் பொறுங்கள். அவளுக்குக் கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன்.

ஜிபார்


புரூன்சே,
9 ஏப்ரல் 1979

அன்புள்ள அண்ணிக்கு,

நான் எழுதிய எதற்கும் நீங்கள் பதில் போடவில்லை. போடாதது நியாயம்தான்.

ஒரு வருஷம் என்றேன். மறுசோதனைக்குப் போனவர்கள், பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதி அங்கேயே விட்டுவிட்டார்கள். வீட்டைப் பிரிந்த எட்டு வயதுப் பிள்ளை யாரிடம் பேசும்? அதைக் கேட்க எங்களிடம் கேள்வியே இல்லை.

போன வாரம் பழைய கோப்பில் அவளுடைய தாளைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் ஏன் எண்ணவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரியும், அண்ணி. குட்டியைக் கேட்டதும் என் காதில் விழுந்தது. படத்தில் மடி கனத்திருந்ததை, அதே படத்தை நானூறு பிள்ளைகளுக்குக் காட்டிய நானே அதுவரை கவனித்ததில்லை. ஆனால் பக்கத்தில் தலைநகரத்து நிபுணர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினால் ஆடு சாகும் என்று எங்கள் வீட்டில் நம்புவோம் என அவர்களிடம் சொல்ல வெட்கப்பட்டேன். சிரிப்பார்களே என்று பயந்தேன். அதனால் பூஜ்யம் போட்டேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அந்நியர் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்லும் பழக்கத்துக்குத்தான் நாங்கள் அறிவு என்று பெயர் வைத்திருந்தோம்.

இப்போது குழுவுக்கு நான்தான் தலைவி. ஜூனில் அவளை அழைத்து வாருங்கள். நானே சோதித்து, எல்லாவற்றையும் எழுதி, நல்ல பள்ளியில் சேர்க்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம், அழைத்து மட்டும் வாருங்கள்.

ஜிபார்


மேய்ச்சல் மலை,
17 ஜூன் 1979

ஜிபாருக்கு,

புருல் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். என்னைவிட உயரம். சாப்பாட்டுக்கு முன்னால் கையை நீட்டிக் காட்டுகிறாள், சுத்தமாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டுமாம்.

வந்த அன்று மாலை மந்தை இறங்கியபோது வாசலில் நின்று, விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். உன் அண்ணன் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். "விடுங்கப்பா, சரியா எண்ணினா அங்க கைதட்டுவாங்க" என்றாள். அவர் கையை விட்டுவிட்டார்.

கடைசிவரை எண்ணினாள். பண்ணை அதிகாரியின் தாளோடு சரியாக ஒத்துப்போனது. எங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் கைதட்டினேன்.

அந்த மந்தையில் ஒன்று நம்முடையது இல்லை, ஜிபார். நம் வெள்ளைக்காதி எங்கோ தங்கிவிட்டாள், அவளுக்குப் பதில் அயலார் ஆடு ஒன்று நின்றது. புருலின் விரல் அதன்மேலும் போயிற்று, நிற்கவில்லை.

சோதனைக்கு அழைத்துவரச் சொல்கிறாய். இப்போது தேறிவிடுவாள். அதனால்தான் அழைத்து வரவில்லை.

உல்கான்