மீட்டர் கண்ணாடியில் வைத்த பொட்டு

என் மோதிர விரலில் குங்குமம் ஒட்டியிருக்கிறது. நான்கு வருடமாகக் குங்குமத்தைத் தொடாத விரல். காலையில் நடந்த ரகளைக்குப் பிறகு கழுவத் தோன்றவில்லை. அதைப் பார்த்தபடியேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுதவே முடிகிறது.

இன்று ஆயுத பூஜை. நம் வீட்டுக் கார் ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கிற மெஷின் ஒன்று புதிதாக நிற்கிறது. உங்கள் தம்பி வாங்கியது. நீங்கள் போன பிறகு மூன்று வருடம் அந்த ஷெட்டைப் பூட்டியே வைத்திருந்தோம். போன தையில் அவருக்குக் கல்யாணமானது. உங்கள் வாடகைக் காரை இப்போது அவர்தான் ஓட்டுகிறார். "காலால பம்ப் அடிச்சி அடிச்சி முட்டியே போச்சி அண்ணி. அண்ணன்கூடப் போயி மிஷின் பாத்தவங்க நீங்க. எத எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். என்னிடம் போய்க் கேட்டார் பாருங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன் நீங்களும் என்னைக் கேட்டுத்தான் வாங்கினீர்கள். பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிற கடை. இரண்டு மெஷின் காட்டினார்கள். ஒன்று சின்னது, என் இடுப்பு உயரம்கூட இல்லை. டேங்கில் காற்று நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும். இன்னொன்று ஆள் நீள டேங்க். அதற்கு அந்த வசதி கிடையாது. மீட்டரில் ஊசி சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் நாம்தான் சுவிட்சை அணைக்க வேண்டும். நீங்கள் சின்னதை விட்டு நகரவே இல்லை. "நம்ம காருக்கு நாலு சக்கரம். இது போதும். தானா நிக்கறதுதான் நல்லது" என்றீர்கள்.

நான் கேட்டேனா? பக்கத்து வல்லத்திலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிப் போகிற லாரியெல்லாம் காற்றுக்கு நம் வாசலில் வரிசையாக நிற்பதாக அதற்குள் கனவு கண்டு முடித்திருந்தேன். "ஊசியப் பாத்து அணைச்சா ஆச்சி. கண்ணு இல்லியா இன்னா உங்களுக்கு?" என்றேன். கடைக்காரர் சிரித்தார். நீங்களும் சிரித்துவிட்டு, "சரி, உன் இஷ்டம்" என்று பெரியதையே எடுத்தீர்கள். செஞ்சி வந்து சேரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு வருடம் நீங்கள் அந்த ஊசியை விட்டுக் கண்ணெடுத்ததில்லை. மோட்டார் ஓடும்போது யார் வந்து பேசினாலும் மீட்டரைப் பார்த்தபடிதான் பதில் சொல்வீர்கள். "பொண்டாட்டி மூஞ்சியக்கூட இவ்ளோ நேரம் பாத்ததில்ல" என்று நான் கேலி செய்தபோதும் திரும்பாமலேதான் சிரித்தீர்கள். வாரம் ஒரு தடவை டேங்கின் மேலே இருக்கும் சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துக் காற்றை வெளியே விடுவீர்கள். "நான் அசந்துட்டாலும் இது காத்த வெளிய தள்ளிடும்" என்று எனக்கும் காட்டினீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கக்கூட வழி இல்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முதல் நாள், டேங்கில் துரு தெரிகிறதே என்று பச்சை பெயிண்ட் வாங்கி வரச் சொல்லி நானே அடித்தேன். வால்வையும் விடவில்லை, அதன் வளையத்தையும் விடவில்லை. இரண்டு கோட் அடித்தேன். மறுநாள் சந்தனம் குழைத்து, மேலே குங்குமம் வைத்துப் பொட்டிட்டேன். டேங்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. மீட்டர் வட்டமாக ஒரு முகம் மாதிரி இருந்தது. அதன் கண்ணாடியில்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டாக வைத்தேன்.

"ஊசி தெரியலியே. வால்வு பெயிண்ட்ல ஒட்டிக்கினு கெடக்குது, அதையும் சொரண்டணும்" என்றீர்கள்.

"பூஜ அன்னிக்கி சாமான்மேல கத்தி வெப்பாங்களா? பொட்டுமேலயும் கை வெக்காதீங்க. தானா உதிரட்டும்" என்றேன். பூஜைப் பொட்டை நம் வீட்டில் யாரும் துடைத்ததில்லை. நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் பொரியை அள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். நான் ஆசைப்பட்டபடியே ஒரு மல்லாட்டை லாரி வந்து நின்றது. நீங்கள் மோட்டாரைப் போட்டீர்கள். பொட்டைத் துடைக்கவில்லை. ஓடுகிற சத்தத்தை வைத்தே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். நான் உள்ளே டிரைவருக்கும் சேர்த்துக் காபி கலந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும், மலைப்பக்கம் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவர் ரோட்டோரம் டயரண்டை நின்றதால் பிழைத்தார். நீங்கள் டேங்குக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

துருப்பிடித்த பழைய டேங்க் வெடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. உங்களைப் பெற்ற அத்தை அந்தப் பாண்டிச்சேரிக் கடைக்காரரை மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஷெட் மூலையில் மீட்டர் கண்ணாடியின் துண்டு ஒன்று கிடந்தது. பொட்டு அப்படியே இருந்தது. எடுத்து என் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். அந்தச் சிமிழுக்குத்தான் இனிமேல் வேறு வேலை இல்லையே.

உங்கள் தம்பி கேட்டபோது சின்னதையே எடுக்கச் சொன்னேன். "தானா நிக்கறதுதான் நல்லது தம்பி." உங்கள் வார்த்தைதான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

காலையில் அவர் மனைவி சந்தனம் குழைத்து, குங்குமமும் எடுத்து வந்தாள். சின்னப் பெண். இந்த மாதிரி வேளையில் நான் முன்னால் வரக்கூடாது, அதனால் ஷெட் கதவோரம் நின்றேன். டேங்குக்கு வைத்தாள். மோட்டாருக்கு வைத்தாள். அப்புறம் மீட்டர் கண்ணாடியில் வைத்தாள். அவளுக்கும் அது முகமாகத்தான் தெரிந்ததோ என்னவோ. நான் ஓடிப் போய் விரலால் வழித்தேன். முந்தானையால் தேய்த்தேன். ஊசி தெரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

"இன்னா அண்ணி இது" என்றார் உங்கள் தம்பி. அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே போனாள். அத்தைதான் கேட்டார்கள்: "உனக்கு இல்லன்னா அவளுக்கும் வாணாமாடி?"

சிமிழைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பொறாமைக்காரி என்ற பெயரோடு இந்த வீட்டில் காலத்தை ஓட்டிவிட முடியும். தான் பெற்ற மகனைக் கொன்றவள் நான் என்று அத்தைக்குத் தெரிந்த பிறகு எந்த முகத்தோடு அவர்கள் கையால் சோறு வாங்குவேன்? செத்துப்போயிருக்கலாம் என்று நினைக்காத நாள் இல்லை. அதற்கும் எனக்குத் துணிவு இல்லை.

சற்று முன் கூடத்தில் அத்தை குரல் கேட்டது. "அழிச்சது அழிச்சதாவே உடக் கூடாது. மொகத்தக் கழுவிகினு போயி அதே எடத்துல திரும்ப வெச்சிட்டு வா." அந்தப் பெண் எழுந்து போகிற கொலுசுச் சத்தமும் கேட்கிறது. நாளைக் காலை உங்கள் தம்பி மோட்டாரைப் போடுவார். தானே நிற்கிற மெஷின்தான். ஒரு நாள் நிற்காமல் போனால்?

இதை இத்தோடு நிறுத்துகிறேன். சிமிழ் என் கையில் இருக்கிறது. நடுவீட்டில் எல்லார் முன்னாலும் வைத்துத் திறக்கப் போகிறேன். நீங்கள்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன். தானாக உதிரட்டும் என்றேன் உங்களிடம். இப்போதுகூடத் திறந்து பார்த்தேன். அந்தப் பொட்டு இன்னும் உதிரவில்லை.