மரத்தூளில் வந்த ஐஸ்

அன்புள்ள உங்களுக்கு,

இன்றைக்கு மில்லுக்குக் கொடுத்தனுப்பும் டிபன் கேரியரின் மேல் தட்டில் ரசம் இல்லை, இந்தக் காகிதம்தான். யாரும் பார்ப்பதற்குள் படித்துவிடுங்கள்.

எனக்கு டான்சிலை எடுத்த நாளிலிருந்து நான் ஊமை, நீங்கள் வாயாடி. மர மில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேலே நாளெல்லாம் கத்திவிட்டு, வீட்டில் வாயே திறக்காத மனுஷர் நீங்கள். இப்போது படகு ஜெட்டியில் வாங்கிய ஐஸ்கட்டியை மரத்தூளுக்குள் பொத்திக்கொண்டு, நம் ஷாதிபூர் ஏற்றத்தில் ஏறும்போதே "பரஃப் வந்தாச்சு" என்று குரல் கொடுக்கிறீர்கள். என் வாயில் துண்டு கரைகிறவரை பக்கத்தில் உட்கார்ந்து கதை. தொண்டையை அறுத்தால் காது ஏன் வலிக்கிறது என்று டாக்டரிடம் சண்டை போட்டதைச் சொன்னீர்களே, சிரித்து, வலித்து, மறுபடியும் சிரித்தேன். வலிக்குப் பயந்து விழுங்காமல் இருந்தால் வலி கூடும் என்று அவர் சொன்னாராம். அதற்காக ஒவ்வொரு வாய் இளநீருக்கும் ஒரு கதை வைத்தீர்கள். சின்ன வயதில் உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதே இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

காலையில் நீங்கள் கிளம்பினதும் பக்கத்து வீட்டு பெங்காலி தீதியின் ஆடு நம் கீரையில் வாய் வைத்தது. "ஏய்" என்று கத்திவிட்டேன். கணீரென்று வந்தது, வலியே இல்லை. தீதி கை தட்டினாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்களிடமும் மறைக்கத்தான் நினைத்தேன், முடியவில்லை.

சாயங்காலம் இதைப் படிக்காதவர் போலவே வாருங்கள். ஐஸ் கொண்டுவாருங்கள்.

பேச்சு வராத,
உங்கள் வீட்டுக்காரி