அனுப்பக் கூடாத ஒன்பது கடிதங்கள்

அனுப்புநர்:
குழந்தைகள் பொறுப்பாளர்,
பெண்கள் பாதுகாப்பு இல்லம்.
(பெயரும் முகவரியும் எழுதாத காரணம் முதல் பத்தியில் உள்ளது.)

பெறுநர்:
கல்வி அதிகாரி அவர்கள்,
பள்ளிச் சேர்க்கை மற்றும் இடமாற்றப் பிரிவு.

பொருள்: பாதுகாப்பு இல்லக் குழந்தைகள் ஒன்பது பேரின் பள்ளி மாற்றம் – அவர்களுடைய தந்தையருக்கு அனுப்பத் தயாராக உள்ள தகவல் கடிதங்களை உடனே நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் வந்த தங்கள் சுற்றறிக்கை. 2. இதற்கு முன் நான் கொடுத்த இரண்டு மனுக்கள். 3. முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் தந்த பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. கணவரிடம் அடிபட்டு, இனி அங்கே இருந்தால் உயிர் மிஞ்சாது என்று வெளியேறி வரும் பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் தங்கும் இல்லத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெயரில்லாத மனுவை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் இந்தத் தாள் எத்தனை மேசைகளில் கிடந்து, எத்தனை கைகள் மாறித் தங்களிடம் வந்து சேரும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு தாளில் எழுதிய ஒரு முகவரி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். தாங்கள் கூப்பிட்டால் நேரில் வந்து எல்லாப் பெயர்களையும் சொல்கிறேன்.

2. எங்கள் இல்லத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடிதங்கள் அங்கே வருவதில்லை. வேலைக்கு வருகிற நாங்களும் சலவைக் கடை முனையில் இறங்கி நடந்துதான் போவோம். எங்கள் வீட்டாருக்குக்கூட எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லக் கூடாது. நானும் என் கணவரிடம் சொன்னதில்லை. வெளியில் யாராவது "எங்கம்மா இருக்கீங்க?" என்று கேட்டால், "அத்தை வீட்டுல" என்று சொல்லக் குழந்தைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். அந்த அத்தை நான்தான். பதினோரு ஆண்டுகளில் எனக்கு எத்தனை அண்ணன் பிள்ளைகள், தம்பி பிள்ளைகள் என்று கணக்கே இல்லை.

3. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு தாயும் அவருடைய ஒன்பது வயது மகளும் வந்தார்கள். தாய் தையல் வேலை செய்பவர். மகள் எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பாள். பருப்பு ஏன் மஞ்சளாக இருக்கிறது என்பதில் தொடங்கி, ஜன்னலுக்கு ஏன் இரண்டு திரை என்பது வரை காரணம் சொல்லாமல் அவளிடமிருந்து தப்ப முடியாது. அதனால் இல்லத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். இந்த மனுவிலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

பக்கத்துப் பள்ளியில் அவளைச் சேர்த்தோம். முதல் நாளிலிருந்து கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடத்தைக் கவனிப்பதில்லை என்று வகுப்பாசிரியை குறைப்பட்டார். நான் விவரம் சொன்னதும் அவளை அங்கேயே உட்கார விட்டார். ஏழாவது வாரம் ஒருநாள் தானாகவே முன்வரிசைக்குப் போய், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாளாம். ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் சொன்னார். தங்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. நாங்கள் அன்று சமையலறையில் நின்று அழுதோம்.

4. இனி என் தவறைச் சொல்ல வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் "தற்போதைய வீட்டு முகவரி" என்ற கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் விட்டால் படிவத்தை வாங்க மாட்டார்கள். இல்லத்தின் முகவரியையும் எழுத முடியாது. குழந்தைகள் எல்லோரும் அத்தை வீட்டில் இருப்பதாகத்தானே சொல்கிறார்கள், அத்தை நான்தானே என்று என் சொந்த வீட்டு முகவரியை எழுதினேன். பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். மற்ற எட்டுக் குழந்தைகளின் படிவங்களிலும் அதே முகவரிதான்.

5. ஒரு குழந்தை பள்ளி மாறினால், பதிவேட்டில் பாதுகாவலர் என்று இருப்பவருக்குப் புதிய பள்ளியின் பெயரையும் புதிய வீட்டு முகவரியையும் ஏழு வேலை நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. நல்ல எண்ணத்தில் போட்ட விதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்த பிறகு வந்த புதிய விதி என்பதால் எனக்கு அது தெரியாது. அதன்படி வக்கீலம்மாவின் பழைய பள்ளி, அவளுடைய மாற்றுச் சான்றிதழை நான்கு மாதம் கழித்து இங்கே அனுப்பிவிட்டு, அவள் தந்தைக்கும் என் வீட்டு முகவரியோடு ஒரு கடிதம் அனுப்பியது. பள்ளி மேல் தப்பில்லை; சொன்னதைச் செய்தது.

6. அவர் பள்ளிக்குப் போகவில்லை, என் வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். என் கணவர் இருசக்கர வாகனம் பழுது பார்ப்பவர். கடையும் வீடும் ஒன்றுதான். வந்தவர் கையில் குழந்தைக்கான மூச்சிழுப்பு மருந்து இருந்திருக்கிறது. "பொண்ணுக்கு மூச்சு அடைச்சா இது இல்லாம முடியாதுண்ணே. அவங்கம்மா அவசரத்துல விட்டுட்டுப் போயிட்டா. என் மூஞ்சியில முழிக்க வேணாம், இத மட்டும் குடுத்துடுங்க" என்று கண்கலங்கிச் சொன்னாராம். என் கணவர் ஈரமனசுக்காரர். நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மருந்தோடு வாசலில் நிற்கும் ஒருவரை எப்படி விரட்டுவது என்பது தெரியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், என்னைத் தினமும் இறக்கிவிடும் சலவைக் கடை முனையில் அவரையும் இறக்கிவிட்டு, "இந்த வழியாத்தான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வக்கீலம்மாவுக்கு மூச்சுத் தொல்லை எதுவும் கிடையாது. அந்த மருந்து யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

7. பள்ளி விட்டு ஒன்பது குழந்தைகளையும் வரிசையாக அழைத்துக்கொண்டு வந்தேன். முனை திரும்பியதும் அந்தத் தந்தை வக்கீலம்மாவின் கையைப் பிடித்தார். சத்தம் கேட்டுச் சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, "யாரும்மா இவரு? உங்கப்பாவா?" என்று அவளைக் கேட்டார். அவள் தந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தெரியாதுங்க. நான் அத்தை வீட்டுல இருக்கேன்."

அந்தப் பதிலை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். எத்தனையோ முறை சொல்லவைத்துப் பழக்கியிருக்கிறேன். அவள் அதை இப்படிச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

இல்லத்து மாடியிலிருந்து பார்த்த தாய், வெளியே வரக் கூடாது என்ற விதியை மறந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். அதற்குப் பிறகு நடந்தது காவல் நிலையப் பதிவில் உள்ளது. நகலை இணைத்திருக்கிறேன், இங்கே எழுத மனம் வரவில்லை. தாயின் இடது மணிக்கட்டில் இரண்டு இடங்களில் எலும்பு முறிந்தது. தையல் வேலை செய்பவருக்கு அந்தக் கை இனி பழையபடி மடங்காது என்று மருத்துவர் சொல்கிறார். மருத்துவமனையில் நான் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "நீங்க நல்லதுக்குத்தானேக்கா எழுதுனீங்க" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

8. இடம் வெளியே தெரிந்துவிட்டால் அதை அன்றே காலி செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. பதினோரு பெண்களையும் பதினேழு குழந்தைகளையும் ஒரே நாளில் நான்கு ஊர்களில் உள்ள வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பினோம். பல் தேய்க்கும் தூரிகையை விட்டுப் போனவர்களும் உண்டு. இரண்டு வருடமாகத் தோழிகளாக இருந்துவிட்டு ஒருவரிடம் ஒருவர் ஊர் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளாமல் போனவர்களும் உண்டு. இப்போது அந்த வீடு காலியாக இருக்கிறது.

அந்தத் தந்தை மூன்றாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். மனைவியும் மகளும் இருக்கும் இடத்தை அவர் நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த இடம் எது என்பதை அவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று தங்கள் சுற்றறிக்கை உத்தரவிடுகிறது. இரண்டுமே அரசாங்கத் தாள்கள். எதை நான் நம்புவது என்று பணிவுடன் கேட்கிறேன்.

9. ஒன்பது குழந்தைகளும் புதிய ஊர்களில் பள்ளியில் சேர வேண்டும். அதற்கான மாற்றுச் சான்றிதழ்கள் இங்குள்ள பள்ளியில் தயார். அவற்றோடு, புதிய பள்ளிகளின் பெயர் எழுதிய, தந்தையருக்கான ஒன்பது தகவல் கடிதங்களும் தயார். நேற்று பள்ளி அலுவலகத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்: உறைகளில் போட்டு, ஒட்டி, ரப்பர் வளையம் மாட்டி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைத் தபாலில் போகும். எழுத்தர் கெட்டவர் அல்ல. "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கும்மா. ஆனா மேலேருந்து ஒரு தாள் வராம நான் இத நிறுத்துனா என்னைக் கேள்வி கேப்பாங்க. நாலு நாள் தள்ளிப் போட்டதே பெரிசு" என்றார். தலைமை ஆசிரியையும் அதையே சொல்கிறார்.

10. இது குறித்து முன்பே இரண்டு மனுக்கள் கொடுத்தேன். முதல் மனுவுக்கு வந்த பதிலில், கடிதம் அனுப்புவதிலிருந்து விலக்குப் பெற "தந்தையின் ஆட்சேபணையின்மைக் கடிதம்" இணைக்கும்படி கேட்டிருக்கிறார்கள். அதாவது, அடித்தவரிடமே நான் போய், இவர்கள் உங்களிடமிருந்து ஓடி ஒளிந்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே என்று கேட்டுக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். எழுதியவர் மனுவைப் படித்துவிட்டுத்தான் எழுதினாரா என்று தெரியவில்லை. இரண்டாவது மனுவுக்குப் பதிலே இல்லை. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

11. ஆகவே தாங்கள்,

அ) ஒட்டி வைத்திருக்கும் ஒன்பது கடிதங்களையும் அனுப்பக் கூடாது என்று பள்ளிக்கு இன்றே ஒரு வரி எழுதித் தர வேண்டுகிறேன்.

ஆ) பாதுகாப்பு இல்லத்திலிருந்து வரும் குழந்தைகளுக்கு அந்தச் சுற்றறிக்கை பொருந்தாது என்றும், அவர்களுடைய படிவங்களில் முகவரிக் கட்டத்தை வெறுமையாக விடலாம் என்றும் ஆணையிட வேண்டுகிறேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட அனுமதி இருந்திருந்தால், நான் சாமர்த்தியம் காட்டியிருக்க மாட்டேன்.

இ) தவறான முகவரி எழுதியதற்காக என் மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் குழந்தைகளின் காரியத்தைத் தாமதிக்க வேண்டாம்.

ஐயா, மற்ற எட்டுப் பேரும் சான்றிதழுக்காகக் காத்திருக்கிறார்கள். வக்கீலம்மா மட்டும் காத்திருக்கவில்லை. புதிய இல்லத்தின் பொறுப்பாளர் பள்ளிக்குக் கூப்பிட்டால் வர மறுக்கிறாள். நேற்று தொலைபேசியில் நான் பேசினேன். அவளே கேட்டாள்: "அத்தை, நான் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேரலன்னா, அந்த லெட்டர்ல எந்தப் பள்ளிக்கூடத்துப் பேர எழுதுவாங்க? எழுத முடியாதுல்ல? அப்ப நான் சேரவே வேணாம். அம்மாவுக்குத் தலை பின்னி விடக் கை வராது, நான் வீட்டுலயே இருந்து பாத்துக்கறேன்."

அவளுடைய கேள்விகளுக்கு இதுவரை ஏதாவது ஒரு பதில் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அவளுக்கான கடிதமும் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது; ஆனாலும் இன்றைய நிலையில், அதில் எழுதியிருக்கும் பள்ளிக்கு அவள் போகாமல் இருப்பதுதான் சரி. திங்கட்கிழமைக்கு முன் தாங்கள் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தால், அவள் நினைப்பது தப்பு என்று நான் அவளிடம் சொல்ல முடியும்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
குழந்தைகள் பொறுப்பாளர்

நாள்: வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.
இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை, வாசல் பக்கத்துப் பெஞ்சு. அலுவலகம் மூடும் வரை இங்கேயே இருப்பேன்.

இணைப்பு: காவல் நிலையப் பதிவு நகல், மருத்துவச் சான்று நகல், நீதிமன்ற உத்தரவு நகல் (பெயர்கள் மறைக்கப்பட்டவை).