மின்தடை என்றே சொன்ன இயந்திரம்

மார்ச் 4
அண்ணன் மறுபடியும் மூச்சுத் திணறி எழுந்தானாம். தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று போகும். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ள இயந்திரம் வேண்டும். அது நடுவில் நின்று, பிறகு தானே எழுந்துகொண்டதாம். திரையில் காரணம்: மின்தடை.

"கரண்ட் போகவே இல்லம்மா," என்றாள் அண்ணி போனில்.

இயந்திரம் எங்கள் கம்பெனியுடையது. அதை நடத்தும் அடிப்படை மென்பொருளான கெர்னல் என் பொறுப்பு.

மார்ச் 5
கெர்னல் நிற்பதற்கு முன், ஏன் நிற்கிறேன் என்று நினைவகத்தின் ஒரு மூலையில் எழுதிவைக்கும். அதை மறுபடி எழுப்பும் பூட்லோடர் அந்தக் குறிப்பைப் படித்து, ஆபத்தென்றால் அலாரம் அடிக்கும். குறிப்பு இல்லையென்றால், எழுத நேரம் தராமல் வந்த மின்தடை என்று எடுத்துக்கொண்டு பேசாமல் ஓட்டிவிடும்.

இன்று வேண்டுமென்றே 'சூடு அதிகம்' என்று எழுதி நிறுத்தினேன். எழுந்து வந்து மின்தடை என்றது. 'கோளாறு' என்று எழுதினேன். மின்தடை! அப்படியானால் எத்தனை வீடுகளில் —

மார்ச் 6
பூட்லோடர் எழுதுகிறவர் மீசை. பட்டப்பெயர்தான், மீசை கிடையாது. "நீ எழுதினா நான் படிக்கப்போறேன். என் பக்கம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

சேர்ந்து பார்த்தோம். புது நினைவகச் சில்லு வந்ததிலிருந்து, பூட்லோடர் எழுந்ததும் நினைவகம் முழுவதையும் துடைக்கிறது. அதன் பிறகுதான் என் குறிப்பைத் தேடுகிறது. வீட்டைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டுச் சீட்டு எங்கே என்று தேடுகிற கதை.

மீசைக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான் சோதிச்சதெல்லாம் பழைய சில்லுலம்மா."

மார்ச் 7
பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 8
திருத்திவிட்டோம். முதலில் படிக்கும், அப்புறம் துடைக்கும். திருத்தத்தை எல்லா வீடுகளுக்கும் அனுப்ப மேலாளர் சம்மதித்துவிட்டார். ஆனால் அண்ணனுடையது ஏன் நின்றது? அந்தக் குறிப்புதான் துடைபட்டுப் போயிற்றே. என் கெர்னலா? என் கையாலேயே அவனை... வேண்டாம். திருத்திய இயந்திரத்தோடு நாளை போகிறேன்.

மார்ச் 9
மதியம் அண்ணன் படுத்தான், பக்கத்தில் அண்ணியும். நான் கூடத்தில் இருந்தேன். திடீரென்று அலாரம் அலறியது. ஓடினேன். இயந்திரத்தின் மேல் கனத்த போர்வை, காற்றுத் துளைகூடத் தெரியாமல். அண்ணன் கண்ணைத் திறப்பதற்குள் அண்ணி அதை உருவிவிட்டாள். திரையில்: சூடு அதிகம்.

சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் தாங்கலம்மா. நான் ஒழுங்கா தூங்கி மாசக்கணக்காச்சு. கொஞ்சம் மூடினா என்னன்னு... ஐயோ, நானா அவரை? அவர்கிட்ட சொல்லிடாத. கரண்ட்னே இருக்கட்டும்."



மார்ச் 10
சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? உயிர் அவனுடையது.

"தெரியும்," என்றான் அண்ணன். "அவ போர்த்தும்போது முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். பாவம், தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அடப்பாவி! இயந்திரத்தை நினைத்துக்கூட நான் இவ்வளவு பயந்ததில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதேன். வாசலில் நின்று அண்ணியும் அழுதாள்.

மார்ச் 11
அண்ணியின் கட்டிலை அடுத்த அறைக்கு நகர்த்தினோம். கதவு திறந்தே இருக்கும், அலாரம் கேட்கும். அந்தப் போர்வையைக் கையோடு எடுத்து வந்துவிட்டேன்.

மார்ச் 15
காலையில் போன். அண்ணன் பெயரைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்தேன்.

"அவ இன்னும் எழுந்திருக்கல," என்றான் ரகசியக் குரலில். "நானே காப்பி போடலாம்னு பாத்தேன். சர்க்கரை டப்பா எங்க இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"