கொண்டையில் பென்சில்

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே இருவரும் நலம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரியும், போன வாரம் போனில் நீயே சொன்னாய், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் சமைத்தார்கள், மேடம் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள், லீவுக்கும் தன் வீட்டுக்கே கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று. யோசித்து எழுதுகிறேன் என்றேன். யோசனை எங்கே, வெறும் வயிற்றெரிச்சல்தான்.

கருத்தரங்கில் நீ பேசிய வீடியோவை அப்பா போட்டுக் காட்டினார். நம் விண்மீன் மண்டலத்தின் வெளி ஓரத்தில் சிதறிக் கிடக்கும் நட்சத்திரங்களில் பல அங்கே பிறந்தவையே அல்ல, சின்ன மண்டலங்களைப் பெரியது இழுத்து விழுங்கியபோது வந்து சேர்ந்தவை, ஆனாலும் உள்ளே என்ன கலந்திருக்கிறது, எந்தப் போக்கில் ஓடுகிறது என்று பார்த்தால் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம் என்றாய். பெருமையாக இருந்தது. பிறகு கொண்டையில் செருகிய பென்சிலை மறந்துவிட்டு மேசையெல்லாம் தேடினாய், சிரித்துவிட்டேன், அச்சு அசல் நான், ஆபீசில் கட்டட வரைபடத்தின் முன்னால் தினமும் நான் அடிக்கிற கூத்து. அடுத்து உன் மேடம் பேச எழுந்தார்கள். அவர்கள் கொண்டையிலும் பென்சில்.

அதற்கப்புறம் ஒன்றும் காதில் ஏறவில்லை. "பென்சில உனக்கு மட்டுமா பட்டா போட்டுக் குடுத்திருக்கு, விடும்மா" என்றார் அப்பா. "நீங்க சும்மா இருங்க" என்றேன்.

நீ அவர்களைப் பார்த்துக் கற்றதில்லை. ஆறாவது படிக்கும்போதே தலையில் பென்சிலோடு தூங்கிப்போவாய், தலையணையெல்லாம் கோடு. அப்படியானால் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? உன் துறையின் பழைய போட்டோக்களைத் தேடிப் பிடித்தேன். நீ போய்ச் சேருமுன் எடுத்த எல்லாவற்றிலும் முடியை விரித்துவிட்டிருக்கிறார்கள், பென்சில் கையில். ஆக, உன்னிடமிருந்து போனது. என்னிடமிருந்து போனது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டித் துள்ளினேன். ஒருவர் பழக்கம் இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ள எவ்வளவு காலம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. துள்ளல் அடங்கிவிட்டது.

போய் வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு இல்லை. லீவுக்கு இங்கே வா. மேடத்துக்கு என் நன்றியைச் சொல், கம்பளிச் சட்டைக்கு மட்டும்.

எடுத்த வேலை கைகூடட்டும், நல்லா இரு கண்ணு. படுக்குமுன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுப் படு.

பென்சிலை முதலில் செருகியவள்,
உன் அம்மா