ஒரு நாற்காலிக்கு மட்டும் உளு

1961, பங்குனி, வியாழக்கிழமை.

என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா டீச்சர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தாள். அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால், அவள் உட்கார்ந்திருந்த மூங்கில் நாற்காலி முற்றத்தில் சொட்டச் சொட்ட நிற்கிறது. நான் உட்கார்ந்திருந்த அதன் ஜோடி, கூடத்தில் தூசியோடு அப்படியே கிடக்கிறது.

"மூங்கில அரிக்கிற உளு விழுந்திருக்குத்தா. அதான் உப்புத்தண்ணி ஊத்திக் கழுவுனேன்" என்றார் மாமியார். நான் எதுவும் கேட்கவேயில்லை.

குடிதண்ணீருக்கே குழாயடியில் சண்டை நடக்கிறது. அதோடு, மூங்கிலில் ஈரம் தங்கினால் கறுத்துவிடும் என்று துணியை ஒட்டப் பிழிந்து துடைப்பவர் அவர். அவரா குடத்தைக் கவிழ்த்தார்?

அவர் உள்ளே போனதும் கைப்பிடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. விரலில் மஞ்சள் வாடை அடித்தது. தீட்டுக் கழிக்கிற வாடை. உளுவுக்கும் மஞ்சள் போடுவார்களோ என்னவோ. போன மாதம் ஸ்டெல்லா வந்த அன்றும் இது ஈரமாகத்தானே இருந்தது?

நாளைக்கும் அவளைக் கூட்டி வருவேன். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்து, இதில் நான் உட்காருவேன். உளு எந்த நாற்காலிக்குத் தாவுகிறது என்று பார்த்துவிடுகிறேன்.